வெங்காயம், பாத்திரம், குப்பை, இங்கிலீஷ்

புதிதாக ஒரு கருவி கைக்கு வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. வீட்டுக்கு ஏர் ஃப்ரையர் வாங்கிய மாதம் அப்பளம் முதல் ஆப்பிள் வரை எல்லாமே அதற்குள் போய்விட்டு வந்தன. பள்ளியிலும் இதே கதைதான். ஆங்கிலம் கற்பிக்க எந்தப் புதுச் செயலி வந்தாலும் முதலில் கை தூக்குவது நான். இரண்டு மாதம் கழித்துச் சத்தமில்லாமல் கையை இறக்கிக்கொள்வதும் நான்தான்.

வாரநாட்களில் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பியூட்டி வேர்ல்டில் ரயில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்குவேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை இருக்கிறது. ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் நம் ஆட்களுக்கு அங்கே ஆங்கில வகுப்பு. கீழே மல்லிகை கட்டுகிறவர்கள் சத்தமாகப் பேசிக்கொள்வார்கள். மேலே நாங்கள் அதைவிடச் சத்தமாக ஆங்கிலம் பேசுவோம். சம்பளம் கிடையாது. ஆனால் வாரத்தில் நான் சிரித்த முகமாக வேலைக்குப் போகும் ஒரே நாள் அதுதான் என்பார் என் கணவர்.

என் வகுப்பில் பன்னிரண்டு பேர். துவாஸில் ஒரு விடுதியில் ஒரே அறையில் தங்கியிருப்பவர்கள். எல்லோரும் ஒரே கம்பெனி. சாரம் கட்டுவது, கம்பி வளைப்பது, பற்றவைப்பது என்று ஆளுக்கொரு வேலை. என்னை ‘டீச்சரக்கா’ என்று கூப்பிடுவார்கள். டீச்சர் என்றால் மரியாதை, அக்கா என்றால் பாசம், இரண்டில் எதையும் விட மனதில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியவர், சாரம் கட்டுவதில் கைதேர்ந்தவர், அறைக்குச் சமையல்காரரும் அவர்தான். வேலை முடிந்து வந்ததும் பொதுச் சமையலறையில் அடுப்புக்கு இடம் பிடித்து, பன்னிரண்டு பேருக்கும் சோறும் குழம்பும் பண்ணி முடிக்கும்வரை அவர் உட்கார மாட்டார். ஞாயிற்றுக்கிழமையும் சமைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். அதனால் வகுப்புக்குத் தாமதமாக வந்து கடைசி நாற்காலியில் உட்காருவார். சட்டையில் தாளித்த வாசம் வரும். ஏதாவது கேட்டால் குனிந்தபடி, “யெஸ் டீச்சர்” என்பார். அது எல்லாக் கேள்விக்கும் பொதுவான பதில்.

அவருக்குத்தான் ஆங்கிலம் எல்லோரையும்விட அவசரமாகத் தேவைப்பட்டது. அவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் தினமும் காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிற்கவைத்துப் பத்து நிமிடம் பாதுகாப்புப் பேச்சு நடக்கும். இன்றைக்கு என்ன வேலை, அதில் என்ன ஆபத்து, எதைச் சரிபார்த்துவிட்டுத் தொட வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்வார். டூல்பாக்ஸ் மீட்டிங் என்று பெயர். தமிழர், வங்காளி, பர்மாக்காரர், சீனர் எல்லோரும் நிற்பதால் அது ஆங்கிலத்தில்தான் நடக்கும். அதை நடத்தத் தெரிந்தால் இவர் மேற்பார்வையாளர் ஆகலாம், வேலை பெர்மிட்டும் நீளும். தெரியாவிட்டால், நடக்கிற வேலை முடிந்ததும் ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஊரில் மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். “அவ முடிக்கிற வரைக்கும் இங்க இருந்துட்டேன்னா போதும் டீச்சரக்கா. அதுக்கப்புறம் என்னை ஏத்தி அனுப்பிச்சாலும் சந்தோஷமாப் போயிடுவேன்” என்றார் ஒருநாள். அவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசியதே அன்றுதான்.

இந்தச் சமயத்தில் பள்ளியில் ஒரு அரைநாள் பயிலரங்கு. பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு செயலியைக் காட்டினார். தொலைபேசியில் பேசினால் போதும், அது கேட்டுவிட்டு உச்சரிப்புக்கு இவ்வளவு, தடங்கலில்லாமல் பேசியதற்கு இவ்வளவு என்று உடனே மதிப்பெண் போட்டுவிடும். ஆசிரியருக்குத் தனியாக ஒரு பலகை. யார் எத்தனை தடவை பேசினார்கள், மதிப்பெண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கோடு கோடாக வரைந்து காட்டும். நன்றாகப் பேசுகிறவர் பெயர் பச்சை, சுமாரானவர் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. கூடவே, திட்டவேலைகளை மாணவர்களின் வாழ்க்கையிலிருந்தே எடுங்கள், குழுவாகச் செய்யவிடுங்கள் என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. துவாஸ் ஆட்களுக்காகவே இதைச் செய்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த ஞாயிறே திட்டம் தயார். ஒவ்வொருவரும் தினம் ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பாதுகாப்புப் பேச்சு பேசிப் பதிவுசெய்ய வேண்டும். பன்னிரண்டு தொலைபேசிகளிலும் செயலியை ஏற்றிக் கொடுத்தேன். அப்போது நான் சொன்ன வார்த்தைகள் இன்றும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. பிறகு அவற்றை எனக்கே திருப்பிச் சொல்லிக் காட்டினார்கள் என்பதால் மறக்க வழியில்லை. “இது குழு வேலை. ஒருத்தருக்கு ஒருத்தர் உதவி பண்ணிக்கணும். யாருக்கு எது நல்லா வருதோ அதை அவங்க செய்யலாம். ரூமா சேர்ந்து ஜெயிக்கணும், சரியா லா?”

“சரி டீச்சரக்கா” என்றார்கள் ஒரே குரலில். அந்த ஒரே குரல்தான் பின்னால் எனக்கு வினையாக வந்தது.

முதல் வாரத்திலேயே என் பலகையில் பன்னிரண்டு பெயர்களும் பச்சை. எண்பத்தொன்பது, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று மூன்று. பள்ளியில் என் மாணவர்கள் சிவப்பிலும் மஞ்சளிலும் தத்தளித்துக்கொண்டிருக்க, நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வந்தவர்கள் இப்படிப் பேசுகிறார்களே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சமையல்காரருக்குத் தொண்ணூற்று நான்கு! வகுப்பில் வாயே திறக்காதவருக்கு அறையிலேயே அதிக மதிப்பெண்.

இதற்கு நான் ஒரு விளக்கமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் நாலுபேர் முன்னால் பேசத் தயங்குவார்கள், இயந்திரத்திடம் தயங்க மாட்டார்கள், தொழில்நுட்பம் அவர்களை விடுவிக்கிறது! பள்ளியில் ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். படம் போட்டுக் காட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரர் குறிப்பெடுத்துக்கொண்டார். இன்றைக்கும் அவரைத் தாழ்வாரத்தில் பார்த்தால் நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிடுவேன்.

ஒரே ஒரு காரியத்தை மட்டும் நான் செய்யவில்லை. பதிவுகள் ஒன்றையும் கேட்கவில்லை. பன்னிரண்டு பேர், தினம் ஒரு நிமிடம், இதையெல்லாம் யார் உட்கார்ந்து கேட்பது? கேட்பதற்குத்தானே செயலி?

மூன்றாவது வாரம் சமையல்காரரின் கம்பெனியிலிருந்து கேட்டார்கள். அடுத்த மாதம் நேர்காணல் இருக்கிறது, அவருடைய ஆங்கிலம் எப்படி என்று வகுப்பிலிருந்து ஒரு கடிதம் கிடைக்குமா? நான் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். தொண்ணூற்று நான்கு என்று தடித்த எழுத்தில் போட்டு, ஏறுகிற பச்சைக்கோட்டையும் இணைத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அனுப்பிய மகிழ்ச்சியில் வீட்டில் கணவருக்குப் போட்டுக் காட்டலாம் என்று தோன்றியது. அவர் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். கம்ப்ரசர் சத்தத்தைக் கேட்டே எது கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் தொலைபேசியை வைத்துச் சமையல்காரரின் பதிவைத் தட்டினேன்.

“குட் மார்னிங் எவ்ரிபடி. டுடே அவர் வொர்க் இஸ் அட் ஹைட்” என்று மணிமணியாக ஒரு குரல். எனக்குக் கொஞ்சம் வியப்பாகத்தான் இருந்தது. வயதுக்கு இளமையான குரலாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து கம்பி வளைப்பவர். “குட் மார்னிங் எவ்ரிபடி.” அடுத்து பற்றவைப்பவர். “குட் மார்னிங் எவ்ரிபடி.”

கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“பின்னால எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு ஓடுது. பேரிங் போயிடுச்சு, மாத்தச் சொல்லு.”

“ஒரே ரூம்ல, ஒரே இடத்துல இருந்து பேசியிருப்பாங்க. ஃபேன் ஒண்ணாத்தானே இருக்கும்?”

“ஃபேன் ஒண்ணா இருக்கட்டும் லா. தொண்டையுமா ஒண்ணு?”

நான் நான்காவதைத் தட்டினேன். ஐந்தாவதைத் தட்டினேன். பன்னிரண்டாவது வரைக்கும் போகத் தேவையே இருக்கவில்லை, ஆனாலும் போனேன். ஒரே ஆள். எல்லாப் பேச்சிலும் ‘சேஃப்டி’ என்று சொல்லுமுன் லேசாக ஒரு செருமல். அறையில் டிப்ளமா படித்த இளைஞர் ஒருவர் இருந்தார். முகத்தை நிமிர்த்திப் பேசுபவர், வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதலில் பதில் சொல்பவர். அவருடைய செருமல் அது.

அந்த வாரம் முழுக்க எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஞாயிற்றுக்கிழமைக்கு என்னென்ன பேச வேண்டும் என்று ரயிலில் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஏமாற்றுக்காரர்கள், உழைக்காமல் மதிப்பெண் வாங்குபவர்கள், நம்பிக்கைத் துரோகம் என்று பெரிய வார்த்தைகளாகத் தயாரித்து வைத்திருந்தேன். அறைக்குள் நுழைந்ததும் எதையும் சொல்லாமல் பதிவுகளை வரிசையாக ஓடவிட்டேன். கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் தலைகுனிவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

ஒருவரும் தலைகுனியவில்லை. நன்றாக இருக்கிறதல்லவா என்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“எல்லாத்துலயும் ஒரே ஆள் பேசியிருக்கார்” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஆமா டீச்சரக்கா. அவன்தான் நல்லாப் பேசுவான்” என்றார் கம்பி வளைப்பவர்.

“ஏன் அவர் பேசணும்? நீங்க ஏன் பேசலை?”

“நீங்கதானே சொன்னீங்க? யாருக்கு எது நல்லா வருதோ அதை அவங்க செய்யட்டும், ரூமா சேர்ந்து ஜெயிக்கணும்னு. அதான் முறை வச்சுட்டோம்.”

தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அவர்கள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாள். கட்டம் போட்டு, மேலே வேலைகள், கீழே ஆட்கள். சமையல் ஒரு கட்டம், அதில் நம் சமையல்காரர். பிறகு வெங்காயம், பாத்திரம், குப்பை, கழிவறை, கடைக்குப் போவது. எல்லாம் அழகான கையெழுத்து. கடைசியாகப் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள். ‘இங்கிலீஷ்’. அதற்கு நேரே டிப்ளமாக்காரர். அவருக்கு வேறு எந்த வேலையும் கிடையாது. சாயங்காலம் பன்னிரண்டு தொலைபேசிகளைச் சமையலறை வாசலில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எல்லாவற்றிலும் பேசி முடித்துவிட்டுத்தான் எழுவாராம். பதிலுக்கு அவர் வெங்காயம் உரிக்க வேண்டாம், குப்பை கொட்ட வேண்டாம்.

“ஒரு நாள்கூட லீவு எடுக்கலை டீச்சரக்கா” என்றார் டிப்ளமாக்காரர், பாராட்டை எதிர்பார்த்து.

தயாரித்து வைத்திருந்த பெரிய வார்த்தைகளில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் சமைக்கலாம், பன்னிரண்டு பேரின் குப்பையை ஒருவர் கொட்டலாம், அப்படியிருக்க ஆங்கிலத்தை மட்டும் ஏன் பகிர்ந்துகொள்ளக் கூடாது? ஒருவர் சுமையை ஒருவர் தூக்காவிட்டால் அந்த அறையில் ஒரு நாள் ஓடாது. அவர்கள் வாழ்க்கையிலிருந்து திட்டம் எடுக்கச் சொன்னார் பயிற்சியாளர். அவர்கள் என் திட்டத்தை எடுத்துத் தங்கள் வாழ்க்கைக்குள் வைத்துக்கொண்டார்கள். நான்தான் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம். கடைசி நாற்காலியில் இருந்த சமையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

“டீச்சரக்கா, கம்பெனிக்கு லெட்டர் குடுத்தீங்களே. அதுல என்ன எழுதினீங்க?”

“தொண்ணூத்தி நாலு” என்றேன்.

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அது என்னோடது இல்லையே” என்றார்.

“நான் கம்பெனிக்கு எழுதிச் சரிபண்ணிடுறேன். நீங்க கவலைப்படாதீங்க” என்றேன். உண்மையாகவே எழுதத்தான் நினைத்தேன்.

அன்று அவரை முதன்முறையாக அவருடைய தொலைபேசியில் பேசவைத்தேன். செயலி முப்பத்தொன்று என்றது. பெயர் சிவப்பாக எரிந்தது. நேர்காணலுக்கு நான்கு வாரம் இருந்தது.

இனி என்ன செய்வது? வகுப்பில் அவரை எழுப்பி நிறுத்தினால் குரல் உள்ளேயே போய்விடுகிறது. பேச நேரமும் இல்லை, சாயங்காலம் முழுக்க அடுப்படி. யோசித்துப் பார்த்தபோது, அவர் நிமிர்ந்து நின்று அதிகாரமாகப் பேசும் இடம் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. “சோறு எடுத்து வைக்கும்போது இவர் அதட்டுறதைப் பாக்கணும் டீச்சரக்கா, மேனேஜர் தோத்துடுவான்” என்று அறைக்காரர்கள் அடிக்கடி கேலி பண்ணுவார்கள்.

திட்டத்தை மாற்றினேன். சுவர்த்தாளிலிருந்து ‘இங்கிலீஷ்’ கட்டத்தை முதலில் அடிக்கச் சொன்னேன். இனி அவரவர் ஆங்கிலம் அவரவர் வாயிலிருந்துதான். சமையல்காரர் மட்டும் தினமும் பரிமாறுமுன் சமையலறையிலேயே பாதுகாப்புப் பேச்சு நடத்த வேண்டும். சாரத்தைப் பற்றி அல்ல, சமையலைப் பற்றி. இன்றைக்கு என்ன வேலை, என்ன ஆபத்து, எதைச் சரிபார்க்க வேண்டும். தட்டோடு நிற்கும் பதினொரு பேரும் ஆளுக்கொரு கேள்வி ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். கேட்காதவருக்குச் சோறு கிடையாது. இதைப் பதிவுசெய்து எங்கள் வாட்ஸாப் குழுவில் போட வேண்டும். செயலிக்கு அல்ல, எனக்கு.

டிப்ளமாக்காரர் முகம் தொங்கிப்போனது. “உங்களால நான் வெங்காயத்துக்குப் போயிட்டேன் டீச்சரக்கா” என்றார்.

முதல் பதிவு திங்கட்கிழமை வந்தது. மறுநாள் காலை பேருந்தில் நின்றபடி கேட்டேன். கரண்டி சத்தம், தட்டு சத்தம், பேரிங் போன விசிறி. நடுவில் அவருடைய குரல், நடுங்கிக்கொண்டு. “டுடே வொர்க், சாம்பார். டேஞ்சர், ஹாட். செக்... செக்...” அதோடு நின்றுவிட்டது. பசியில் நின்றவர்கள் பொறுமையிழந்து, “பிரதர், ரைஸ் கமிங் ஆர் நாட்?” என்று கத்தினார்கள். அதுவும் ஒரு கேள்விதான் என்று கத்தியவர்களுக்குச் சோறு போடப்பட்டதாக அறிந்தேன்.

இரண்டாம் வாரம் பதிவுகள் நீண்டன. “டுடே வொர்க், ஃபிஷ் ஃபிரை. டேஞ்சர் நம்பர் ஒன், ஆயில். வாட்டர் கம் இன்சைட், ஆயில் ஜம்ப். யூ ஸ்டாண்ட் பேக்.” யாரோ ஒருவர், “வொய் டுடே ஃபிஷ் ஸ்மால்?” என்று கேட்டார். “மார்க்கெட் ஸ்மால். நெக்ஸ்ட் கொஸ்டின்!” என்று அதட்டல் வந்தது. நான் பேருந்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த சீன மூதாட்டி கொஞ்சம் நகர்ந்து நின்றார்.

மூன்றாம் வாரம் அடுப்படியிலிருந்து சாரத்துக்கு மாற்றினோம். மீனுக்குப் பதில் பலகை, எண்ணெய்க்குப் பதில் உயரம். வரிசை அதேதான். வகுப்பில் எழுந்து நின்று பேசும்போது மறுபடியும் குனிந்தார். “முன்னாடி நிக்கிறவங்க எல்லாரும் தட்டோட நிக்கிறாங்கன்னு நினைச்சுக்குங்க” என்றேன். தலை மெதுவாக நிமிர்ந்தது. இலக்கணம் அங்கங்கே உதிர்ந்தது. ஆனால் சொன்னது புரிந்தது, கேட்காமல் இருக்க முடியவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நான் மட்டும் அந்தக் கடிதத்தை எழுதவில்லை.

எழுதவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆரம்பித்தேன். ‘முன்பு அனுப்பிய மதிப்பெண் தவறானது’ என்று ஒரு வரி அடித்தேன். அதற்குமேல் கை ஓடவில்லை. எப்படித் தவறாயிற்று என்று சொல்ல வேண்டுமே? இருபது வருட ஆசிரியை, மாணவர் பேசுவதை ஒரு தடவைகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள் என்று எப்படி எழுதுவது? அவர்தான் முன்னேறிக்கொண்டிருக்கிறாரே, நேர்காணலுக்குள் நன்றாகவே பேசிவிடுவாரே, பிறகு அந்த எண் யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. கடிதம் வரைவுப் பெட்டியிலேயே கிடந்தது. “எழுதிட்டியா?” என்று கணவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை அவர்மேல் எரிந்து விழுந்தேன். சமையல்காரர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் எழுதியிருப்பேன் என்று நம்பினாரா, எழுதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்துவிட்டதா, அப்போது எனக்குப் புரியவில்லை.

நேர்காணல் ஒரு வியாழக்கிழமை பிற்பகல். நான் பள்ளியில் ஆசிரியர் அறையில் கட்டுரை திருத்திக்கொண்டிருந்தேன். மூன்று கட்டுரைக்கு ஒரு தடவை தொலைபேசியைப் பார்த்தேன், பிறகு ஒவ்வொரு கட்டுரைக்கும் பார்த்தேன். நான்கு மணிக்கு அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னால் லாரிகள் போகும் சத்தம். அவர் குரல் வேகமாக, மூச்சு வாங்க ஓடியது.

“டீச்சரக்கா, வணக்கம். இன்டர்வியூ முடிஞ்சுது. மூணு பேர் உக்காந்திருந்தாங்க. நடுவுல இருந்த மேடம் உங்க லெட்டரைக் கையில வச்சுக்கிட்டு, நைன்ட்டி ஃபோர், வெரி குட்னு சொன்னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் சொல்லிட்டேன் டீச்சரக்கா. மேடம், திஸ் மார்க் நாட் மை மார்க். மை ரூம் பிரதர் டாக்கிங். தட் டைம் ஐ குக்கிங். நவ் ஐ டாக், யூ லிசன், யூ கிவ் மார்க், அப்படின்னேன். அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. சரி பேசுன்னாங்க. தட்டோட நிக்கிறாங்கன்னு நினைச்சுக்கிட்டுப் பேசினேன். பத்து நிமிஷம் பேசினேன். நடுவுல இருந்த மேடம், வொர்க்கர் சொல்றதைக் கேக்கலைன்னா என்ன பண்ணுவேன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. எனக்கு வாயில வந்துடுச்சு, நோ லிசன், நோ பிளேட்னு. மூணு பேரும் சிரிச்சுட்டாங்க. அப்புறம் விஷயத்தை விளக்கிச் சொன்னேன். ஆறு மாசம் பாக்கலாம், அடுத்த வாரத்துல இருந்து நீதான் காலை மீட்டிங்னு சொல்லிட்டாங்க டீச்சரக்கா. பொண்ணுக்கு இப்பத்தான் போன் பண்ணினேன். அழுவுறா.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆசிரியர் அறையில் யாரோ என்ன என்று கேட்டார்கள். கையைக் காட்டி நிறுத்தினேன். பதிவு முடியவில்லை. ஒரு லாரி கடந்துபோனது. அவர் குரல் தணிந்தது.

“இன்னொண்ணு டீச்சரக்கா. அந்த மேடம், இந்த விஷயம் உங்க டீச்சருக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. நான், டீச்சர் டோன்ட் நோன்னு சொல்லிட்டேன். கோச்சுக்காதீங்க. அது ஒண்ணுதான் பொய். மத்ததெல்லாம் என்னோட இங்கிலீஷ்.”

உட்கார்ந்தேன். இன்னொரு தடவை முதலிலிருந்து கேட்டேன், ஒரு சொல்கூட விடாமல். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். நான் உண்மையை எழுதப்போகிறேன், நீங்கள் சொன்னது என்னைக் காப்பாற்றத்தான் என்பதையும் சேர்த்தே எழுதப்போகிறேன் என்றேன். “அதனால உங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல டீச்சரக்கா?” என்றார்.

ஆகாது என்றேன். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நான்கு வாரமாகக் கிடந்த வரைவைத் திறந்து, முதல் வரிக்குக் கீழே, ‘இது எனக்குத் தெரியும்’ என்று எழுதினேன். மீதி தானாக வந்தது. இந்தத் தடவை மதிப்பெண் எதையும் இணைக்கவில்லை. அவர் மீன் பொரித்த நாளின் பதிவை மட்டும் இணைத்து, தயவுசெய்து முழுவதும் கேளுங்கள் என்று எழுதி அனுப்பினேன்.